பெரட்டுக்களமும் பட்டாவும்

எங்க அப்பாயி கொடைக்கானல் மேல்மலையில் உயிரோடு இருந்த கடைசி நாள் வரைக்கும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். வேலை இருக்கோ இல்லையோ, மழையோ பனியோ, கம்பளியைத் தள்ளிவிட்டுத் தலையை முடிந்துகொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். சிலோன் தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் அந்த உடம்பு தப்புச் சத்தத்துக்குத்தான் விழித்தது. தோட்டத்தில் விடியுமுன் தப்படித்து ஆட்களை எழுப்புவார்கள். தப்படித்தவனும் நம்ம ஆள், எழுந்து ஓடியவர்களும் நம்ம ஆட்கள். பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவான். பேர் கூப்பிடும்போது இல்லாதவளுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை.

பெரட்டு என்ற சொல்லை மலையகத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. அது பட்டாளத்துச் சொல். இங்கிலீஷ்காரன் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி எண்ணிய 'பரேடு', நம் வாயில் பெரட்டு ஆயிற்று. தோட்டத்தில் நாம் குடியிருந்த லயமும் அப்படித்தான், 'லைன்' என்பதிலிருந்து வந்தது. சிப்பாய்களை அடைத்துவைத்த வரிசை வீட்டுக்கும் அதே பெயர்.

ஆக, நம்முடைய ஜனங்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதும் வேலை தேயிலையோடு தொடங்கியதல்ல. பட்டாளப் பேரேடு, தோட்டத்துச் செக்ரோல், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, காட்டுக் காண்ட்ராக்டின் கடன் நோட்டு என்று இருநூறு வருஷத்துக்கு மேலாக நம் பேர் எழுதப்படாத ஏடு இல்லை. பேர் இல்லாமல் போனதால் நாம் அழிந்தோம் என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி உண்மைதான் அது. பேர் இருந்தது. பேருக்கு எதிரே நிலம் என்ற பத்தி மட்டும் காலியாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் காலிப் பத்தியைப் பற்றியது.

*

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். 1780 செப்டம்பரில் பயனீர் என்ற பெயரில் இரண்டு கம்பெனி ஆட்கள் சென்னையில் சேர்க்கப்பட்டார்கள். இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை அதைத்தான் தன் பிறப்பு என்று கொண்டாடுகிறது. பயனீர் என்றால் பட்டாளத்துக்கு முன்னால் போகிறவன். வீரனாகப் போகிறவன் அல்ல, மண்வெட்டியோடு போகிறவன். காடு வெட்டி வழி உண்டாக்குவான், ஆற்றுக்குப் பாலம் போடுவான், கோட்டைச் சுவருக்குக் கீழே சுரங்கம் தோண்டுவான். அப்புறம்தான் துப்பாக்கிக்காரன் வருவான். அந்தப் படையில் பறையர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் திரளாகச் சேர்ந்தார்கள்.

நம்மை 'வெள்ளைக்காரனுக்குக் காவடி தூக்கினவர்கள்' என்று சொல்லும் தேசபக்தர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பட்டாளத்தில் பூட்ஸ் கொடுத்தார்கள். நெல்லாக அளந்த கூலிக்குப் பதில் கையில் காசு கொடுத்தார்கள். படித்துக் கொடுத்தார்கள். பண்ணையாளாக இருப்பதற்கும் சிப்பாயாக இருப்பதற்கும் நடுவில் நின்றவன் எந்தத் தேசத்துக்குத் துரோகம் செய்தான்? அவனுக்கு அப்போது எந்தத் தேசம் இருந்தது?

1795-96இல் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைப் பிடிக்கச் சென்னையிலிருந்து படை போயிற்று. 1815இல் கண்டி விழுந்தது. பிடித்த மலைநாட்டைப் பிடியில் வைத்திருக்க ரோடு வேண்டும். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு - கண்டி ரோடு மலையைக் குடைந்து போடப்பட்டது. அந்த ரோடுகளை வெட்டியதில் தென்னிந்தியாவிலிருந்து எடுக்கப்பட்ட பயனீர் ஆட்களின் உழைப்பு பெரிது. ரோடு போன வழியே காப்பி போயிற்று. காப்பி போன வழியே கங்காணி போனான், கங்காணிக்குப் பின்னால் நம் ஜனம் போயிற்று. கடல் தாண்டிய முதல் பெரட்டு பட்டாளத்துப் பெரட்டு, இரண்டாவதுதான் தோட்டத்துப் பெரட்டு.

1857இல் வடக்கே கலகம் வெடித்தபோது சென்னைப் பட்டாளம் பெரும்பாலும் கம்பெனிக்கு விசுவாசமாகவே நின்றது. விசுவாசத்துக்கு என்ன கிடைத்தது? கொஞ்ச காலத்தில் 'போர்க்குணமுள்ள இனம்' என்ற புதுச் சாஸ்திரம் வந்தது. சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்து பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். 1882இல் சென்னைக் காலாட்படையில் எட்டுப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. பிறகு ஒவ்வொன்றாகப் பஞ்சாபிகளுக்கு மாறின. 1890களில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. 1920களின் கடைசிக்குள் சென்னைக் காலாட்படை முழுவதும் இல்லாமல் போனது. மண்வெட்டி பிடித்த மெட்ராஸ் பயனீர் படையும் 1933இல் சிக்கனம் என்ற பெயரில் கலைக்கப்பட்டது. மனுவின் நூலில் சூத்திரனுக்குக் கீழே வைக்கப்பட்டவன் இங்கிலீஷ்காரனின் நூலிலும் அங்கேயே வைக்கப்பட்டான். சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இதை முகத்துக்கு நேராகக் கேட்டார்: படையில் சேரும் வழி எங்களுக்கு இப்போது திறந்திருக்கிறதா என்று. இரட்டைமலை சீனிவாசனும் அந்த மாநாட்டில் இருந்தார்.

கலைக்கப்பட்ட சிப்பாய் எங்கே போவான்? அதே காலத்தில் அதே அரசாங்கம் பஞ்சாபில் கால்வாய் வெட்டிப் புது நிலம் உண்டாக்கி, பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்கு லட்சக்கணக்கான ஏக்கரைப் பங்கு போட்டது. 1900ஆம் வருஷத்துப் பஞ்சாப் நிலமாற்றுச் சட்டமோ, 'விவசாயச் சாதி' என்று பட்டியலில் இல்லாதவன் விவசாயிகளின் நிலத்தை வாங்க முடியாதபடி செய்தது. அங்கிருந்த தலித்துகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே. அதுமாதிரி ஒரு கால்வாய்க் குடியிருப்பு தெற்கே பறையர் சிப்பாய்க்காக எங்கேயும் திறக்கப்படவில்லை. அவன் திரும்பிப் போக இருந்தது சேரிதான். அல்லது தங்கவயல், ரயில்வே, மறுபடியும் கப்பல்.

*

இது நமக்கு மட்டும் நடந்தது என்று நினைக்கவேண்டாம். அதே பயனீர் என்ற பெயரில், ஏறக்குறைய அதே வருஷங்களில், உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொரு படை இருந்தது. கறுப்புப் பயனீர் படை.

அமெரிக்கக் குடியேறிகள் இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராகச் சண்டை போட்டபோது, எஜமானனை விட்டு ஓடிவந்து தங்கள் பக்கம் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று இங்கிலீஷ் தளபதிகள் அறிவித்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியைக் கொண்டு 1776இல் இந்தப் படை அமைந்தது. சண்டைக்கு ஆயுதம் இல்லை. ரோடு போடுவது, தெரு சுத்தம் செய்வது, பட்டாளத்தின் கழிவை அகற்றுவது இவர்கள் வேலை. படிக்கிற நமக்கு இந்த வேலைப் பட்டியலை விளக்கவேண்டியதில்லை.

ராஜா தோற்றார். 1783இல் ராஜாவின் பக்கம் நின்றவர்களையெல்லாம் கப்பலேற்றினார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களும் கலைக்கப்பட்ட சிப்பாய்களுமாக ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் கனடாவின் கடற்கரைக் காலனியான நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் கறுப்பர்கள் மூவாயிரம் பேர் அளவுக்கு. நியூயார்க் துறைமுகத்திலேயே ஒவ்வொருவர் பேரும், வயதும், முன்னாள் எஜமான் யார் என்பதும் ஒரு பெரிய ஏட்டில் எழுதப்பட்டது. 1784 கோடையில் குடியேறிய இடங்களில் பெரட்டு நடந்தது. கலைக்கப்பட்ட சிப்பாய் எத்தனை, ராஜ விசுவாசி எத்தனை, பெண்டு பிள்ளைகள் எத்தனை என்று வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். ஏன்? ரேஷன் கொடுக்க. நிலம் அளந்து கொடுக்க. அந்தப் பெரட்டு வேலை வாங்குவதற்கானதல்ல, குடியமர்த்துவதற்கானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரட்டு என்றாலே கொடுமை என்பதில்லை, எதற்காகப் பேர் எழுதுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆனால் அந்த ஏட்டிலும் நிறம் இருந்தது. வெள்ளை எஜமானர்கள் கூடவே கொண்டுவந்த அடிமைகள் 'வேலையாட்கள்' என்று எழுதப்பட்டார்கள். விடுதலை பெற்ற கறுப்பர்களுக்குக் கடைசியில், கல்லும் சதுப்புமாக மிஞ்சிய இடம். அவர்களுடைய பெரிய ஊரான பர்ச்டவுனில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களுக்குக்கூட விவசாய நிலம் கிடைக்கவில்லை. நிலம் இல்லாதவன் குறைந்த கூலிக்குப் போனான். கூலியைக் கெடுக்கிறார்கள் என்று 1784 ஜூலையில் பக்கத்து ஷெல்பர்னில் கலைக்கப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களே கறுப்பர்களின் வீடுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். ஒரே ராஜாவுக்குப் பணி செய்தவர்கள்தான் இரண்டு பேரும். விசுவாசம் ஒன்றாக இருந்தாலும் பந்தி வேறு.

கறுப்புப் பயனீர் படையில் சார்ஜண்டாக இருந்த தாமஸ் பீட்டர்ஸ் வாக்குக் கொடுத்த நிலத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்து, மறுபடி பிடித்து விற்றுவிடுவார்கள் என்ற ஆபத்தையும் மீறி லண்டனுக்கே போய் மனுக் கொடுத்தார். அதன் விளைவாக 1792 தொடக்கத்தில் ஏறக்குறைய 1,200 பேர் பதினைந்து கப்பல்களில் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டார்கள். தாயகம் திரும்பினார்கள். அங்கே அவர்கள் உண்டாக்கிய ஊர் ஃப்ரீடவுன். பீட்டர்ஸ் அதே வருஷம் அங்கே இறந்துபோனார். புது ஊரிலும் நிலத்துக்கும் வரிக்கும் கம்பெனியோடு சண்டை போடவேண்டித்தான் இருந்தது.

தாயகம் திரும்பியோர். இந்த இரண்டு வார்த்தைக்குள் ஒரு ஏமாற்று ஒளிந்திருக்கிறது. நிலம் இருக்கும் இடம்தான் தாயகம். நிலம் இல்லாதவன் திரும்பிப் போவது எதற்கு?

*

நம் பேருக்கு எதிரே நிலம் எழுதப்பட்ட ஏடு ஒன்றே ஒன்று உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையால் உண்டானது பஞ்சமி நிலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தைப் பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிவிட்டது. அதைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10இல் காரணையைத் தொட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட பத்தியை நிரப்பச் சொல்லிக் கேட்டதற்கு அந்த விலை.

அந்த நிலம் உண்மையிலேயே நம் கையில் இருந்திருந்தால் எத்தனை பேர் கங்காணியின் பின்னால் போயிருப்பார்கள்? 1876-78 தாது வருஷப் பஞ்சம் நம் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக மன்னார்க் கரைக்குத் தள்ளியது. போனவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். தோட்டத்தில் செக்ரோல் என்ற ஏடு. அங்கே பேர் என்றால் மனுஷனின் பேர் அல்ல, ஒரு நாள் கூலி. கொழுந்து எடை குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். மனுஷியைப் பாதியாக எண்ணும் கணக்கு அது. அப்பாயி சொல்லும்: "நான் பொறந்ததிலருந்து முழுப்பேரு வாங்குனது எத்தன நாளு, அரைப்பேரு வாங்குனது எத்தன நாளுன்னு அந்த ஏட்டத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்." இதற்குமேல் 'துண்டு' என்ற ஒன்று. கங்காணிக்கு இருக்கும் கடனை அடைத்தால் இந்த ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் அதை ஒழிக்கும் வரைக்கும் நம் ஆள் கடனோடு சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றப்பட்டான்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. ஒரு தொழிலாளி வர்க்கம் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று கொழும்பு பார்த்துக்கொண்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்காளர் ஏட்டிலிருந்து நம் பேர் அடிக்கப்பட்டது. செக்ரோலில் மட்டும் இருந்தது. வேலை செய்ய உண்டு, ஓட்டுப் போட இல்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அதையும் ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தி காலத்தில் பங்கு போட்டார்கள். களத்துமேட்டில் நெல்லைக்கூடக் கொஞ்சம் பதர் தூற்றிவிட்டுத்தான் பிரிப்பார்கள். எங்கே இருக்க விரும்புகிறாய் என்று ஒரு ஆளைக்கூடக் கேட்காமல் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்தார்கள். பிறகு விண்ணப்பம் கேட்டபோது, ஒப்பந்தத்தின் கணக்குக்கு மாறாக இலங்கையில் இருக்க விரும்பியவர்களே அதிகமாக இருந்தார்கள். பிறந்த மண் எது என்று ஜனத்துக்குத் தெரிந்திருந்தது, டில்லிக்கும் கொழும்புக்கும்தான் தெரியவில்லை.

*

மலைநாட்டிலிருந்து தலைமன்னார் வரைக்கும் போன ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபத்தில் முகாம். அந்த மண்டபம் முகாம் புதிதாகக் கட்டியதல்ல. சிலோனுக்குப் போகும் கூலிகளைத் தொற்றுநோய் உண்டா என்று சோதிக்க இங்கிலீஷ்காரன் காலத்தில் உண்டாக்கியது. தாத்தா சட்டையைக் கழற்றி நின்ற இடத்திலேயே பேரனும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அட்டையில் குடும்பத் தலைவர் பேர், பிள்ளைகள் பேர், என்ன மறுவாழ்வுத் திட்டம் என்பதெல்லாம் உண்டு. திட்டங்கள் பலவிதம். நீலகிரியில் காட்டை வெட்டி 1968 முதல் அரசு தேயிலை பயிரிட்டது, அதுதான் பிறகு டான்டீ கழகம் ஆயிற்று. கன்னியாகுமரியில் ரப்பர். சில ஊர்களில் நூற்பாலை. பெரும்பாலோருக்கு 'வியாபாரக் கடன்', ஐயாயிரம் ரூபாய். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவளை, கடையே வைத்தறியாதவளை, வறண்ட ஊரில் கொண்டுபோய் விட்டு வியாபாரம் செய் என்றார்கள். புரோக்கர் ஒரு பங்கு, ஆபீஸ் ஒரு பங்கு, பஸ் சார்ஜ் ஒரு பங்கு. மூதாதையரின் ஊருக்குப் போனவர்களைச் சொந்தக்காரர்களே வைத்துக்கொள்ள முடியவில்லை, அவர்களும் நிலமில்லாத கூலிகள்தானே. அந்த ஊர்களில் போன உடனே ஒன்று மட்டும் ஞாபகமாகக் கொடுக்கப்பட்டது: சாதி. லயத்தில் கொஞ்சம் மங்கியிருந்த எல்லைக்கோடு சேரி வாசலில் பளிச்சென்று தெரிந்தது.

குளிருக்குப் பழகிய உடம்பு மலையைத் தேடியது. அப்படித்தான் நீலகிரிக்கும், பழனி மலைக்கும் ஜனம் ஏறியது.

பழனி மலையை 1821இல் வார்டு என்ற இங்கிலீஷ் லெப்டினண்ட் அளந்து படம் போட்டார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் வீடு கட்டினார்கள். 1863இல் கலெக்டர் வேரே லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். கொடைக்கானலின் வரலாறு என்று சுற்றுலாப் புத்தகங்களில் எழுதியிருப்பது இவ்வளவுதான். இந்த வரலாற்றில் பளியர்கள் இல்லை, புலையர்கள் இல்லை. பிறகு வந்த சிலோன்காரர்களும் இல்லை.

மலை உச்சியில் புல்வெளியும் சோலையுமாக இருந்த இடத்தில் வனத்துறை சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டது. சீகை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். இங்கே அதை வாட்டில் என்று சொல்வார்கள். பட்டை தோல் பதனிட, கட்டை கூழாக்க. வெட்டவும் பட்டை உரிக்கவும் ஆள் வேண்டும். குளிர் தாங்குகிற, குடும்பத்தோடு காட்டுக்குள் தங்குகிற, ஊரில் கேட்க ஆளில்லாத ஜனம் வேண்டும். காண்ட்ராக்டர்களுக்கு நாங்கள் அப்படியே பொருந்தினோம்.

எங்க அப்பா முன்பணம் வாங்கித்தான் மேலே ஏறினார். எவ்வளவு என்று கடைசிவரை சரியாகச் சொல்லவில்லை, வெட்கம். காட்டுக்குள் ஷெட் என்று ஒன்று. நாலு கம்பு, சுற்றிலும் பட்டை, மேலே பிளாஸ்டிக் காகிதம். அரிசி மேஸ்திரி கொண்டுவருவான், விலையை அவனே எழுதிக்கொள்வான். கட்டு எடையும் அவனே எழுதுவான். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்த்தால் வாங்கினதைவிடக் கடன் கூடியிருக்கும். சந்தைக்குப் போகவேண்டுமென்றால் வீட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகவேண்டும். பிள்ளைகளும் பட்டை உரித்தோம். பள்ளிக்கூடம் என்பது தோட்டத்தில் பார்த்த ஒரு கட்டடம், அவ்வளவுதான். "சிலோன்ல தொரைக்குக் கடன்பட்டோம், இங்க நம்ம பாஷ பேசுறவனுக்கே கடன்பட்டோம்" என்று அப்பாயி சொல்லும். காலையில் மேஸ்திரி பேர் கூப்பிடுவான். அதற்கும் பெரட்டு என்றுதான் நாங்கள் சொன்னோம்.

கொத்தடிமை முறையை 1976ஆம் வருஷச் சட்டம் ஒழித்துவிட்டது. சட்டம் மலையேற ஏறக்குறைய பத்து வருஷம் ஆயிற்று. 1980களில்தான் கொடைக்கானல் காடுகளில் தாயகம் திரும்பியவர்கள் கொத்தடிமைகளாகக் கிடப்பது வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது. மனித உரிமைக்காரர்கள் வந்தார்கள், விசாரணை வந்தது, குடும்பங்கள் விடுவிக்கப்பட்டன. அன்றைக்கு ஒரு பெரட்டு நடந்தது. அதிகாரிகள் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பேர் எழுதினார்கள். கையில் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதை மடித்து, குடும்ப அட்டைக்குள் வைத்து, இரண்டையும் ஒரு தகர டப்பாவில் போட்டார். டப்பாவில் பட்டா மட்டும் இல்லை.

*

விடுதலை பெற்ற பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது சுகமான முடிவுள்ள கதையாகிவிடும்.

சிலருக்குக் குடியிருக்க வீடும் கொஞ்சம் உதவியும் கிடைத்தன. பலர் கேரட்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் பூண்டுக் காட்டிலும் தினக்கூலிக்குப் போனார்கள். டவுனில் லாட்ஜ் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் படிக்கப் போனபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். உன் பூர்வீக ஊர் எது, அங்கே போய் வாங்கிவா என்றார்கள். மேல்சாதிக்காரன் நம் சாதியைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், சர்க்காருக்கு மட்டும் வருஷக்கணக்கில் அத்தாட்சி வேண்டும்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், பளியர் போன்ற ஆதிவாசிகள் போராடிப் பெற்றது. அவர்களுடைய உரிமையில் நாம் பங்கு கேட்கவில்லை. ஆனால் அதில் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குள் வர 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து வருஷம், காட்டை நம்பி வாழ்ந்திருக்கவேண்டும். 1970களில் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவன் எழுபத்தைந்து வருஷத்துக்கு எங்கே போவான்? இலங்கையில் 1948இல் கேட்டதும் இதைத்தான்: அப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே. 2013இல் இந்த மலையின் பெரும்பகுதி வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சீகை அந்நிய மரம், புல்வெளியைக் கெடுக்கிறது, அகற்றவேண்டும் என்று இன்று சொல்கிறார்கள். சரிதான். நட்டது நாங்களல்ல. அந்நிய மரத்தோடு அதை வெட்டியவனையும் அந்நியனாக எண்ணிவிடாதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். நீலகிரியில் 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வந்தபோது, ஐம்பது வருஷம் அங்கே உழைத்துக் கிழடானவர்கள் லயத்தை விட்டு எங்கே போவது என்று கேட்டார்கள். அதே கேள்வி.

2023இல் மலையகத்தில் இருநூறாவது வருஷத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஜனம் நடந்துபோனது. மூதாதையர் நடந்துசெத்த பாதையில் பேரப்பிள்ளைகள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். யாரும் பேர் கூப்பிடவில்லை. யாரும் தப்படித்து எழுப்பவில்லை. அங்கேயும் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் நிலமும் வீடும் இருந்தன.

தோழர்களே, வரலாறு எழுதுகிற நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. பட்டாளத்தில் நம் பங்கைக் கண்டுபிடித்தால் வீரம் என்று எழுதுவோம், தோட்டத்தைப் பற்றி எழுதினால் கண்ணீர் என்று எழுதுவோம். இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் போதாது. பயனீர் ஏடாக இருக்கட்டும், செக்ரோலாக இருக்கட்டும், அட்டையாக இருக்கட்டும், கையில் கிடைத்தால் முதலில் பேரைப் பாருங்கள். அப்புறம் அந்தப் பேருக்கு எதிரே என்ன பத்தி இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று பாருங்கள். நோவா ஸ்கோஷியாவின் கறுப்புச் சார்ஜண்டு கடல் தாண்டிப் போய்க் கேட்டதும், காரணையில் ரத்தம் சிந்திக் கேட்டதும், எங்க அப்பா கேட்கத் தெரியாமல் தகர டப்பாவில் மூடிவைத்ததும் அந்தக் காலிப் பத்தியைத்தான்.

அந்த டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டையில் மடிப்பு கிழிந்துவிட்டது, பேர்கள் இன்னும் படிக்க முடிகிறது. பழனி மலையில் எத்தனை வீட்டில் இந்த மாதிரி டப்பா இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுக்கவேண்டும். இந்த முறை எண்ணுகிறவர்கள் நாமாக இருப்போம். வேலைக்காக அல்ல, நிலத்துக்காக ஒரு பெரட்டு.